ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே

அணு மருத்துவத் துறையில் தொழில்நுட்பராகப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் என் மூத்த தொழில்நுட்பர் எனக்கு ஓர் எச்சரிக்கை சொன்னார்: "மார்பகத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியை நம் கேமராவில் தேடாதே, தெரிந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்." இயந்திரத்தின் குறை ஒன்றைச் சொல்கிறார் என்று மட்டுமே அன்று எனக்குப் பட்டது. இருபது ஆண்டுகள் அதே இருட்டு அறைகளில் வேலை பார்த்த பிறகு யோசித்தால், மார்பகக் கட்டிகளுக்காக எங்கள் துறை இதுவரை செய்த வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு சென்டிமீட்டரோடு நடத்திய மல்லுக்கட்டு என்றே தோன்றுகிறது.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் சித்தி மகள். ஐம்பது வயதை நெருங்கும் அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அறிக்கையில் 1.4 சென்டிமீட்டர் என்றிருந்தது. அன்றிரவே தொலைபேசியில் கேட்டாள்: "பெட் ஸ்கேன் எடுத்துட்டா எல்லாம் தெரிஞ்சிடும்ல, அக்கா? நீங்கதான் அதுலயே இருக்கீங்களே." அதிலேயே இருப்பவளால் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. "உனக்கு இப்போது அது வேண்டியிராது" என்று மட்டும் சொன்னேன். பணத்துக்காகத் தயங்குகிறேன் என்றோ, எதையோ மறைக்கிறேன் என்றோ அவள் நினைத்திருக்கக்கூடும். அன்று சொல்லத் தவறியதைத்தான் இங்கே நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மேமோகிராமில் எக்ஸ் கதிர் வெளியிலிருந்து புறப்பட்டு மார்பகத்தை ஊடுருவி மறுபக்கம் படமாக விழுகிறது. எங்கள் முறையில் கதிர் உள்ளேயிருந்து வெளியே வருகிறது. கதிரியக்கம் கொண்ட மருந்தை மிகச் சிறிய அளவில் நரம்பில் ஏற்றிவிட்டு, அது உடலில் எங்கே போய்த் தங்குகிறது என்று காத்திருந்து பார்க்கிறோம். மேமோகிராம் கட்டியின் உருவத்தைக் காட்டும். நாங்கள் எடுக்கும் படமோ அந்த இடத்து உயிரணுக்கள் எதை வாங்கிக்கொள்கின்றன, எவ்வளவு வேகமாக வாழ்கின்றன என்பதைக் காட்டும். அதனால்தான் உருவத்தில் கூர்மை இல்லாத எங்கள் மங்கலான படங்களுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அடர்த்தியான மார்பகத்தில் சுரப்பித் திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும்; வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடும் கதிரியல் மருத்துவரின் சங்கடம் எங்களுக்குக் கிடையாது. அடர்த்தி எங்கள் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. நம் நாட்டில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழப் பத்தாண்டு முன்னதாகவே பெண்களைத் தாக்குகிறது என்பதையும், வயது குறையக் குறைய மார்பக அடர்த்தி கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது நமக்குச் சிறிய விஷயம் அல்ல.

எங்கள் அன்றாட வேலைக்கு ஆதாரமாக இருப்பது டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள். 1937இல் இத்தாலியின் பலெர்மோ நகரில் கார்லோ பெரியேயும் எமிலியோ செக்ரேயும், அணுத்துகள்களை வேகமூட்டும் பெர்க்லி சைக்ளோட்ரானில் அடிபட்டு ஓய்ந்த மாலிப்டினத் தகடு ஒன்றைத் தபாலில் வரவழைத்து ஆராய்ந்தபோது, மனிதர் முதன்முதலாகச் செயற்கையாக உண்டாக்கிய தனிமம் அதில் இருப்பதைக் கண்டார்கள். செயற்கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அதன் பெயரும் வந்தது. மறு ஆண்டு செக்ரேயும் கிளென் சீபோர்கும் அதன் 99எம் வடிவத்தைக் கண்டறிந்தார்கள். பாதியாகக் குறைய ஆகும் நேரமான அரை ஆயுள் ஆறு மணி நேரம், காமாக் கதிரின் ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்ற இரண்டு எண்களும் மருத்துவத்துக்கென்றே அளந்து வைத்தாற்போல் அமைந்துவிட்டன. படம் எடுக்கப் போதுமான நேரம் இருக்கும். மறுநாள் இதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தூக்கலாமா?" என்று கேட்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும் பொருளைக் கிடங்கில் வாங்கி வைக்க முடியாது. அதற்கும் ஒரு வழி 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட மாலிப்டினம் 99ஐ ஓர் அலுமினாக் குழாயில் பிடித்து வைத்துவிட்டால், அது சிதைந்து டெக்னீஷியமாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை உள்ளே விட்டால் டெக்னீஷியம் மட்டும் கரைந்து வெளியே வரும். ஈயக் கவசத்துக்குள் இருக்கும் அந்த ஜெனரேட்டரைப் பசு என்றும், உப்புநீர் விட்டு எடுப்பதைப் பால் கறத்தல் என்றும் உலகமெங்கும் சொல்கிறார்கள். வாரத்தின் தொடக்கத்தில் நிறையக் கறக்கும், வெள்ளிக்கிழமை வற்றிவிடும் என்பதனால் எங்கள் நோயாளிப் பட்டியலே அந்தப் பசுவின் மனப்போக்கைப் பார்த்துத்தான் தயாராகும். 2009இல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதாகி ஓராண்டுக்கு மேல் மூடப்பட்டபோது, மாலிப்டினத்துக்கு அதை நம்பியிருந்த நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. இவ்வளவு பெரிய துறை விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிழட்டு உலைகளின்மேல் நிற்கிறது என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள்.

மார்பகத்துக்கு எங்கள் துறை வந்து சேர்ந்தது இதயத்தின் வழியாக. ஆலன் டேவிசன், அலுன் ஜோன்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பாஸ்டன் பகுதியில் உருவாக்கிய செஸ்டாமிபி என்ற சேர்மம், இதயத் தசைக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காக 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நேர்மின்னூட்டம் கொண்ட, கொழுப்பில் கரையும் இந்த மூலக்கூறு, உயிரணுவின் மின்நிலையம் எனத்தக்க மைட்டோகாண்ட்ரியாவின் எதிர்மின்னூட்டத்தால் இழுக்கப்பட்டு உள்ளே போய்த் தங்கிவிடும். ஓயாமல் உழைக்கும் இதயத் தசையில் மைட்டோகாண்ட்ரியா மிகுதி; ஓயாமல் பெருகும் புற்றணுக்களிலும் மிகுதி. இதயப் படம் எடுக்கையில் சில பெண்களின் மார்பகத்தில் எதிர்பாராத இடத்தில் ஒரு புள்ளி ஒளிர்ந்தால், அதைப் பின்தொடர்ந்து பார்க்கவே தோன்றும் அல்லவா? கலிஃபோர்னியாவில் இராஜ் கல்காலி முதலானோர் 1990களில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். 1997இல் மார்பகப் படத்துக்கும் அந்த மருந்து அனுமதி பெற்றது. சிண்டிமேமோகிராஃபி என்பது அதன் பெயர்.

மல்லாந்து படுத்தால் மார்பகம் விலாவின்மேல் பரவி, இதயத்தின் ஒளியும் கல்லீரலின் ஒளியும் அதன்மேல் படியும் என்பதால், பெண்ணைக் குப்புறப் படுக்கவைத்து, மேசையில் வெட்டப்பட்ட இடைவெளி வழியே மார்பகத்தைக் கீழே தொங்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பார்கள். நான் பயிற்சி பெற்ற இடத்தில் அதற்கென்று மேசை இல்லை. கட்டிலின் மெத்தையை இரண்டாகப் பிரித்து நாங்களே ஓர் இடைவெளி செய்துகொண்டோம். அங்கே நான் செய்த தவறு ஒன்றை இன்றும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவருகிறேன். சந்தேகம் எந்த மார்பகத்தில் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கையில்தான் ஊசி போட வேண்டும். இரண்டு பக்கமும் சந்தேகமென்றால் காலில் போட வேண்டும். அன்று அந்தப் பெண்மணிக்கு எதிர்ப்பக்கக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. கிடைத்த கையில் குத்தினேன். மருந்தில் சிறிதளவு நரம்புக்கு வெளியே கசிந்தது. படத்தில் அதே பக்கத்து அக்குளில் ஒரு நிணநீர்க் கணு பளிச்சென்று தெரிந்தது. கசிந்த மருந்து நிணநீர்க் குழாய் வழியே ஏறி, நோயே இல்லாத கணுவை நோயுற்றதுபோல் காட்டியிருந்தது. எங்கள் மருத்துவர் முழங்கையின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்ததால் பிழைத்தோம். இல்லையென்றால் புற்றுநோய் அக்குளுக்குப் பரவிவிட்டது என்று அறிக்கை போயிருக்கும். கசிந்த மருந்து நிணநீர்ப் பாதையில் ஏறும் என்ற இதே உண்மைதான் வேறொரு முறையில் எங்கள் மிகப் பெரிய பயனாக மாறியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி அந்த ஒரு சென்டிமீட்டருக்கு வருவோம். 1950களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கிய காமா கேமராவின் முகத்தில், தேன்கூடுபோல் துளைகள் கொண்ட ஈயத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். காமாக் கதிரைக் கண்ணாடி வில்லையால் குவிக்க முடியாது. எனவே நேராக வரும் கதிரை மட்டும் துளை வழியே விட்டு, சாய்ந்து வருவதை ஈயத்தால் மறித்துவிடுகிறோம். உடலிலிருந்து புறப்படும் கதிர்களில் பத்தாயிரத்துக்கு ஒன்றிரண்டுதான் இந்தச் சல்லடையைத் தாண்டிப் படத்தில் சேரும். கேமரா எட்டிப்போகப் போக, ஒரு புள்ளியிலிருந்து வரும் கதிர் பக்கத்துத் துளைகளிலும் நுழைந்து படம் கரைந்துபோகும். பெரிய கேமராவின் தலை தோள்பட்டையில் இடிக்கும்; மார்பகத்தை ஒட்டிக்கொண்டு வர அதனால் முடியாது. பத்து சென்டிமீட்டர் தொலைவில் ஏழெட்டு மில்லிமீட்டர் அளவு மங்கிவிடும் படத்தில், ஐந்தாறு மில்லிமீட்டர்க் கட்டியின் ஒளி சுற்றுப்புறத்தில் கலந்து காணாமல் போய்விடுகிறது. மருந்து கட்டிக்குள் போகாமலில்லை. கேமராதான் எட்ட நிற்கிறது.

அதனால் கேமராவைச் சிறிதாக்கினார்கள். மேமோகிராம் இயந்திரம்போல மார்பகத்தை மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் சிறு காமா கேமராவை ஒட்டி வைப்பது முதற்படி. இரண்டு பக்கமும் கேமரா வைத்து நடுவில் மார்பகத்தைப் பிடிப்பது அடுத்த படி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மைக்கேல் ஓ'கானர், டெபோரா ரோட்ஸ் முதலானோர் வளர்த்தெடுத்த முறை அது. பழைய சோடியம் அயோடைடு படிகத்துக்குப் பதிலாகக் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு என்ற குறைகடத்தியை அதில் பயன்படுத்துகிறார்கள். கதிரை முதலில் ஒளியாக்கிப் பிறகு மின்சாரமாக்கும் சுற்று வழி இல்லாமல் நேரே மின்குறியாக்குகிறது என்பதும், ஒன்றரை முதல் இரண்டரை மில்லிமீட்டர் அளவுள்ள கட்டங்களாக அதைச் செய்ய முடிகிறது என்பதும் அதன் சிறப்பு. பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருக்கலாம். ஒரு கோணத்துக்குப் பத்து நிமிடம் வீதம் நான்கு கோணங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகும். மேமோகிராமின் அமுக்கம் வலிக்கும் என்று பயந்தவர்கள் இதில் ஓரளவு ஆறுதல் அடைவார்கள், ஏனென்றால் அசையாமல் பிடிக்கும் அளவுக்கு அமுக்கினால் போதும்.

ரோட்ஸ் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் அடர்த்தியான மார்பகம் கொண்ட 1,585 பெண்களுக்கு மேமோகிராமும் இந்தப் படமும் எடுத்தார்கள். மேமோகிராம் மட்டும் ஆயிரம் பேரில் 3.2 புற்றுநோய்களைக் கண்டது. இரண்டும் சேர்ந்தபோது அந்த எண் 12.0 ஆயிற்று. ஏறத்தாழ நான்கு மடங்கு. சென்டிமீட்டருக்குக் கீழே போக முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த சுவர் அங்கே விரிசல் கண்டுவிட்டது. சந்தேகத்தின் பேரில் மறுபடி அழைக்கப்பட்ட பெண்களின் எண்ணிக்கையும் கூடியது என்பதை மறைக்கக் கூடாது. ஃபைப்ரோஅடினோமா போன்ற தீங்கற்ற கட்டிகளும் செஸ்டாமிபியை வாங்கிக்கொள்ளும்.

அப்படியென்றால் இதை ஏன் ஊரெல்லாம் வைக்கவில்லை என்ற கேள்வி எழும். கதிர்வீச்சின் அளவுதான் முதல் தடை. மேமோகிராமில் கதிர் மார்பகத்தில் மட்டும் படுகிறது. எங்கள் மருந்து இரத்தத்தோடு உடல் முழுவதும் ஓடிக் கல்லீரல் வழியே குடலுக்குப் போகிறது, ஆகையால் மார்பகத்தைப் பார்க்கப் போய்ப் பெருங்குடலுக்குத்தான் அதிகக் கதிர் கொடுக்கிறோம். 2010இல் ஹென்ட்ரிக் என்ற கதிரியல் இயற்பியலாளர் போட்ட கணக்கு எங்கள் துறையைக் கொஞ்சம் உலுக்கியது: அன்று வழக்கத்தில் இருந்த 740 முதல் 1,110 மெகாபெக்குரல் (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவில் நாற்பது வயதுப் பெண்ணுக்கு எடுக்கும் ஒரே ஒரு படத்தின் ஆபத்து, ஒரு மேமோகிராமின் ஆபத்தைப்போல் இருபது முதல் முப்பது மடங்கு. மிகச் சிறிய எண்ணின் முப்பது மடங்கும் சிறிய எண்தான் என்று வாதிடலாம். புற்றுநோய் உறுதியான பெண்ணிடம் அந்த வாதம் சரி. ஆனால் நோயே இல்லாத ஆயிரக்கணக்கான பெண்களை ஆண்டுதோறும் அழைத்துச் சோதிப்பதற்கு அது செல்லாது என்பதே என் கருத்தும். மேயோ குழுவினர் அந்த விமர்சனத்தை ஒதுக்கித் தள்ளாமல், துளைகளையும் மென்பொருளையும் திருத்தி 300 மெகாபெக்குரலுக்கு இறக்கினார்கள். 2015 ஆய்வு அந்த அளவில்தான் நடந்தது. உடல் ஏற்கும் கதிரை மில்லிசீவர்ட்டில் அளப்போம்; உடல் முழுவதுக்குமாகச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் வரும். மேமோகிராம் அரை மில்லிசீவர்ட்டுக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவது தடை எம்ஆர்ஐ. கதிர்வீச்சே இல்லாமல் சில மில்லிமீட்டர்க் கட்டியையும் காட்டும் இயந்திரம் நடுத்தர ஊர்களிலும் வந்துவிட்ட பிறகு, மார்பகத்துக்கென்றே தனிக் காமா கேமரா வாங்க எந்த நிர்வாகம் பணம் ஒதுக்கும்? நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் வாங்கவில்லை. எம்ஆர்ஐ குகைக்குள் போக முடியாத அளவுக்கு அச்சம் உள்ளவர்கள், பழைய பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சிறுநீரகம் பழுதாகி, எம்ஆர்ஐக்கான கடோலினியம் என்ற மருந்தை ஏற்ற முடியாதவர்கள் ஆகியோருக்கு இது கைகொடுக்கும். என் வேலையில் எனக்குள்ள பற்றையும் மீறி, அதற்குமேல் இதற்காக வாதாட மாட்டேன்.

என் தங்கை கேட்டது பெட் ஸ்கேனைப் பற்றி. புற்றணுக்கள் குளுக்கோசை அளவுக்கு மீறி விழுங்குகின்றன என்று 1920களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் கண்டறிந்ததன்மேல் எழுந்தது அது. குளுக்கோஸ்போல் வேடமிட்ட எஃப்டிஜி என்ற மூலக்கூற்றில் கதிரியக்கம் கொண்ட ஃபுளோரின் 18ஐ ஒட்டி அனுப்பினால், உயிரணு ஏமாந்து அதை உள்ளே இழுத்து ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடும். அதற்கு மேல் அதைச் செரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது. 1976இல் முதன்முதலாக மனிதருக்கு ஏற்றியபோது, புரூக்ஹேவனில் தயாரித்த மருந்தை விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். அரை ஆயுள் 110 நிமிடம் என்பதால் அந்த ஓட்டம் இன்றும் முடியவில்லை. சைக்ளோட்ரான் இல்லாத எங்கள் ஊருக்கு மருந்து ஈயப் பானைக்குள் விடியற்காலையில் காரில் வருகிறது; வழியில் ஒரு மறியல் நடந்தால் கடைசி இரண்டு நோயாளிகளை மறுநாள் வரச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெட் ஸ்கேன் அறையில் நான் கற்றவற்றில் பாதி, நோயாளி என்ன செய்தார் என்று விசாரிக்கும் கலை. ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வோம். இரண்டு இட்லிதானே என்று சாப்பிட்டு வந்தவர்களின் படத்தில் சுரந்த இன்சுலின் மருந்தையெல்லாம் தசைகளுக்குத் தள்ளிவிட்டிருக்கும். காத்திருக்கும் ஒரு மணி நேரமும் வெற்றிலை மென்றவரின் தாடைத் தசை ஒளிரும். குளிரூட்டிய அறையில் நடுங்கிக்கொண்டிருந்த மெலிந்த பெண்ணின் கழுத்திலும் தோளிலும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, பரவிய நிணநீர்க் கணுக்கள் எங்கே, கொழுப்பு எங்கே என்று மருத்துவரைத் திணறடிக்கும். அதனால்தான் போர்வை கொடுக்கிறோம், உபசாரத்துக்காக அன்று. காசநோய் கண்ட கணுவும் புற்றுநோய் கண்ட கணுவைப்போலவே எரியும் என்பது நம் நாட்டில் தினசரித் தலைவலி. 2021இல் இன்னொரு கேள்வியும் எங்கள் படிவத்தில் சேர்ந்தது: கொரோனா தடுப்பூசி எந்தக் கையில், எந்தத் தேதியில் போட்டீர்கள்? ஊசி போட்ட பக்கத்து அக்குளில் நெறி கட்டி, படத்தில் அது பரவிய புற்றுநோயைப்போல் நின்றதால் உலகமெங்கும் இந்தக் கேள்வியைக் கேட்க நேர்ந்தது.

ஆகவே, எல்லாம் தெரிந்துவிடும் என்று தங்கை நினைத்த ஸ்கேனுக்குத் தெரியாதவையும் பல உண்டு. மூளை எந்நேரமும் குளுக்கோசில் ஒளிர்வதால் அங்கே பரவிய சிறு கட்டியை அது மறைத்துவிடும். பால் சுரக்கும் நுண்மடல்களில் தொடங்கும் லோபுலர் வகை மார்பகப் புற்றுநோய் பல நேரங்களில் எஃப்டிஜியை அவ்வளவாக விரும்பி உண்பதில்லை. மெல்ல வளரும் கட்டிகளும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தவையும் கைநழுவும். அக்குள் கணுவுக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நோய் ஒளிந்திருந்தால், படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்வதில் பொருளே இல்லை. கட்டி பெரிதாகித் தோலையோ நெஞ்சுச் சுவரையோ பற்றியிருக்கும்போதும், அக்குளில் கணுக்கள் திரண்டிருக்கும்போதும், சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிவந்துவிட்டதோ என்ற ஐயம் எழும்போதும் பெட் ஸ்கேனுக்கு இணை குறைவு. எலும்பிலும் கல்லீரலிலும் பரவியதை ஒரே அமர்வில் காட்டி, வீண் அறுவையைத் தவிர்த்துவிடும். அறிகுறி ஏதுமில்லாத தொடக்கநிலை நோயாளிக்கு அதை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. 1.4 சென்டிமீட்டர் என்ற எண்ணைக் கேட்டதும் நான் வேண்டியிராது என்றது அதனால்தான்.

சர்க்கரையை விட்டு வேறொன்றைக் கேட்கும் மருந்துகளும் வந்துவிட்டன. ஈஸ்ட்ரோஜனில் ஃபுளோரின் 18ஐப் பிணைத்து இல்லினாயின் ஜான் காட்ஸனெல்லன்போகனும் செயின்ட் லூயிஸின் மைக்கேல் வெல்ச்சும் 1980களில் உருவாக்கிய எஃப்இஎஸ், 2020இல்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே புற்றுநோய் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. இங்கிருக்கும் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இன்னும் இருக்கிறதா, ஹார்மோன் மாத்திரை வேலை செய்யுமா என்று கேட்கிறது. எலும்பில் ஓரிடமும் நுரையீரலில் ஓரிடமுமாகப் பரவிய நோயில், எல்லா இடத்திலும் ஊசி வைத்துச் சதை எடுக்க முடியாது என்பதை எண்ணினால் இந்தக் கேள்வியின் அருமை புரியும். தமாக்ஸிஃபென் உட்கொள்பவருக்கு அந்த மாத்திரையே ஏற்பியை அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால் எட்டு வாரம் நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். கல்லீரல் இயல்பாகவே ஒளிர்வதால் அங்குள்ள கட்டிகளுக்கு இது உதவாது.

இப்போது அந்தக் கசிந்த மருந்துக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் அக்குள் நிணநீர்க் கணு. பல தலைமுறைகளாக அறுவை மருத்துவர்கள் அக்குளையே துடைத்து எடுத்தார்கள். எடுத்த கணுக்களில் நோய் இல்லை என்று பிறகு தெரியவரும்போது, அந்தப் பெண்ணுக்குக் கை வீக்கமும் தோள் இறுக்கமும் மட்டும் ஆயுளுக்கும் மிஞ்சியிருக்கும். கட்டியிலிருந்து வடியும் நிணநீரை முதலில் வாங்கிக்கொள்ளும் கணு ஒன்றோ இரண்டோதான். அதை வாசல் காக்கும் கணு என்று கொண்டு, அதில் நோயில்லை என்றால் உள்ளேயும் போயிராது என்று விட்டுவிடலாம் அல்லவா? 1993இல் அமெரிக்காவின் வெர்மான்டில் டேவிட் கிராக், டெக்னீஷியம் கலந்த கூழ்மத்தைக் கட்டியைச் சுற்றிச் செலுத்திவிட்டு, கதிர் பட்டால் ஒலி எழுப்பும், பேனாபோன்ற ஒரு காமாக் கருவியை அக்குளின்மேல் நகர்த்திக் கணுவைக் கண்டுபிடித்ததை 22 நோயாளிகளை வைத்து எழுதினார். மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசி 516 பெண்களிடம் நடத்திய ஒப்பீட்டின் முடிவு 2003இல் வந்தது. 5,611 பெண்களைச் சேர்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. வாசல் கணு சுத்தமாக இருந்தால் அக்குளைத் துடைக்காமல் விட்டவர்களும் துடைத்தவர்களைப்போலவே வாழ்ந்தார்கள்.

இதில் எங்கள் பங்கு மிக எளிமையானது. முந்தைய நாளோ அன்று காலையோ முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில், மெல்லிய ஊசியால், இருபது முதல் நாற்பது மெகாபெக்குரல் அளவுக்குள் செலுத்திவிட்டு, ஐந்து நிமிடம் மெல்லத் தடவிவிடச் சொல்வோம். சில நொடிகள் சுரீரென்று எரியும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. செஸ்டாமிபிக்கு முன்பு வழக்கமாகக் கொடுத்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத மருந்து. கேமரா எட்ட நின்று திணறிய கதையெல்லாம் இங்கே இல்லை, ஏனென்றால் உணர்கருவி கணுவைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது; இரண்டு மூன்று மில்லிமீட்டர்க் கணுவும் தன் இடத்தைச் சொல்லிவிடும். கட்டி கைக்குத் தட்டுப்படாத அளவுக்குச் சிறிதாக இருந்தால், அதற்குள்ளேயே சிறிது மருந்தை வைத்துவிட்டு அதே ஒலியைப் பின்தொடர்ந்து அதை வெட்டி எடுக்கும் வழக்கத்தையும் 1990களில் மிலான்காரர்கள் தொடங்கினார்கள். காமாக் கருவி இல்லாத இடங்களில் நீலச் சாயம் மட்டும் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் தவறும் வாய்ப்பு குறையும்.

இந்த வேலையும் சுருங்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியும் அல்ட்ராசவுண்டில் சந்தேகமில்லாத அக்குளும் கொண்ட பெண்களுக்கு வாசல் கணுவையும் எடுக்காமல் விடலாமா என்று இத்தாலியர்கள் நடத்திய சவுண்ட் ஆய்வு, 1,405 பெண்களைப் பின்தொடர்ந்து, விடலாம் என்ற முடிவை 2023இல் வெளியிட்டது. தங்கையின் கட்டி அந்த அளவுக்குள் இருந்ததால் அதைப் பற்றியும் அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அவளுக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, கட்டியின் வகையைப் பார்த்தால் கணுவின் நிலை தெரிந்தால்தான் கீமோ தேவையா என்று முடிவு செய்ய முடியும் என்று அவர் விளக்கினார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஊசியை நான் போடவில்லை. சொந்தக்காரர்களுக்குக் கை நடுங்கும் என்று உடன் வேலை செய்யும் பெண்ணிடம் விட்டுவிட்டேன். மறுநாள் அறுவை அறையில் கருவியின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளும் வேலை மட்டும் என்னுடையது. அக்குளில் சிறு கீறல் போட்டுக் கருவியை உள்ளே விட்டதும் ஒலி சீறி எழுந்தது. முதல் கணு வெளியே வந்தது. மேசைமேல் தனியாக வைத்து அளந்தபோது பத்து நொடிக்கு 2,140. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எண்ணிக்கை காட்டும் கணு எதுவானாலும் எடுக்க வேண்டும் என்பது வழக்கம் என்பதால், கருவி மறுபடி உள்ளே போனது. சற்று ஆழத்தில் இன்னொன்று, 610. மூன்றாம் முறை அக்குள் முழுவதும் மெல்லத் துழாவினார்கள். எண்ணிக்கை நாற்பதைத் தாண்டவில்லை. தாளில் நாற்பது என்று எழுதி, நேரத்தைக் குறித்து, இரண்டு கணுக்களும் இருந்த குப்பியின்மேல் அவள் பெயரை ஒட்டி நோயியல் பிரிவுக்கு அனுப்பினேன்.